புள்ளி மறைந்துவிட்டதா? ஆபத்து அங்கேதான் ஆரம்பம்! - கடல் மீன்களைக் காக்கும் செம்பு மருந்தின் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆக்ஸிஜன் நிரப்பிய பிளாஸ்டிக் கவரில் இரண்டு கோமாளி மீன்கள் வீட்டுக்கு வருகின்றன. ஏற்கெனவே நான்கு மீன்கள் நீந்திக்கொண்டிருக்கும் கடல்நீர்த் தொட்டியில் அவையும் இறங்குகின்றன. வீடே நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது.

புதன்கிழமை காலை. பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டுக் கத்துகிறது. "அம்மா, மீன் மேல ரவை ஒட்டியிருக்கு!"

உடனே கடைக்கு போன் போகிறது.

"அண்ணாச்சி, நீங்க குடுத்த மீன் மேல வெள்ளை வெள்ளையா புள்ளி இருக்கே?"

"ரெண்டு மூணு நாள் பாருங்க தம்பி. தானா போயிரும்."

சொன்னபடியே சனிக்கிழமை புள்ளிகளைக் காணோம். மீன்கள் நன்றாகத் தின்கின்றன. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால், அடுத்த வாரம் புள்ளிகள் திரும்பி வருகின்றன. இந்த முறை இரண்டு மீன்களில் மட்டுமல்ல, ஆறு மீன்களிலும். பத்துப் பதினைந்து புள்ளிகள் இருந்த இடத்தில் நூற்றுக்கணக்கில். மீன்கள் பாறையில் உடம்பை உரசுகின்றன. செவுள் வேகவேகமாக ஏறி இறங்குகிறது. அதற்கடுத்த வாரம் தொட்டி காலி.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை என்றில்லை. கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் எந்த ஊரிலும் நடக்கிற கதைதான் இது. இதில் ஏமாற்றியது கடைக்காரர் அல்ல. அவர் சொன்னது போலவே புள்ளிகள் தானாகப் போயின. ஆனால், புள்ளி போனால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், கடல் மீன்களுக்குச் செம்பு மருந்தை ஏன் தருகிறார்கள், ஏன் தனித் தொட்டியில் தருகிறார்கள், ஏன் வாரக்கணக்கில் தருகிறார்கள் என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

புள்ளி எங்கே போனது?

அந்த வெள்ளைப் புள்ளி ஓர் ஒட்டுண்ணி. பெயர் கிரிப்டோகாரியன் இரிட்டன்ஸ். ஒரே செல்லால் ஆன உயிரி. 1951-ல் இ.எம். பிரவுன் என்ற ஆய்வாளர் இதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார். வெளியில் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் மீனின் தோலுக்கு அடியில் புகுந்துகொண்டு, அதன் திசுக்களைத் தின்று கொழுக்கும் ஓர் உயிரி இருக்கிறது.

இதன் வாழ்க்கை நான்கு கட்டங்களாக நடக்கிறது.

முதல் கட்டம், மீனின் உடம்பில். மூன்று முதல் ஏழு நாள் வரை தின்று வளரும். இந்தக் கட்டத்தில்தான் அது ரவைபோல நம் கண்ணுக்குத் தெரிகிறது.

இரண்டாவது கட்டம், வயிறு நிறைந்ததும் மீனை விட்டு இறங்கி அடித்தளத்துக்குப் போகும். 'புள்ளி போயிருச்சு' என்று வீட்டில் சந்தோஷப்படுவது இந்த நாளில்தான்.

மூன்றாவது கட்டம், மணலிலோ, கல்லிலோ, கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 200 வரைகூடப் பெருகும். பெரும்பாலும் 3 முதல் 28 நாளுக்குள் கூடு உடையும். 72 நாள் கழித்து உடைந்த கூடுகளையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

நான்காவது கட்டம், கூடு உடைந்ததும் குட்டிகள் தண்ணீரில் நீந்திப் புறப்படும். ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் சாவு நிச்சயம்.

கடலில் இந்தக் குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு மீன் கிடைக்காது. கடல் அவ்வளவு பெரியது. மூன்றடித் தொட்டியில் அப்படியில்லை. எந்தப் பக்கம் நீந்தினாலும் ஒரு மீன் இருக்கும். கடலில் சின்னத் தொல்லையாக இருக்கும் ஒட்டுண்ணி, வீட்டுத் தொட்டியில் கொள்ளை நோயாக மாறுவது இதனால்தான்.

இதைவிட வேகமான இன்னொன்றும் உண்டு. அமைலூடினியம் என்ற ஒட்டுண்ணியால் வரும் 'வெல்வெட்' நோய். புள்ளிகள் ரவைபோல இருக்காது. மைதாவைத் தூவியதுபோல, வெளிச்சத்தில் லேசான பொன் நிறத்தில் தெரியும். பல நேரங்களில் அதுகூடத் தெரியாது. ஏனென்றால், இது முதலில் தாக்குவது செவுளை. ஒரு கூட்டிலிருந்து 256 குட்டிகள் வரை வெளியேறும். மீன் காற்றுக்குழாய்ப் பக்கமே நிற்கிறது, சாப்பிட மறுக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் புள்ளிக்காகக் காத்திருக்கக் கூடாது.

குளத்து மீன் வைத்தியம் கடல் மீனுக்கு ஆகாது

கப்பியும் கோல்டு ஃபிஷ்ஷும் வளர்த்துப் பழகியவர்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் புதிதல்ல. 'கொஞ்சம் கல் உப்பு போடு, தண்ணியைச் சூடாக்கு' என்பது அவர்களின் கைவைத்தியம். நன்னீர் மீனுக்கு அது பல நேரம் பலிக்கவும் செய்யும்.

ஆனால், நன்னீரில் வெள்ளைப்புள்ளியை உண்டாக்குவது வேறு உயிரி. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் நெருங்கிய சொந்தம்கூட இல்லை. உப்பிலேயே பிறந்து வளர்ந்த கடல் ஒட்டுண்ணியை உப்புப் போட்டு என்ன செய்துவிட முடியும்?

தண்ணீரின் உப்பைப் பாதிக்கும் கீழே குறைத்து, சில வாரங்கள் அப்படியே வைத்திருக்கும் முறை ஒன்று இருக்கிறது. கிரிப்டோகாரியனுக்கு அது பலன் தரும். ஆனால், வெல்வெட் நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி குறைந்த உப்பிலும் தாக்குப்பிடிக்கும். வந்திருப்பது எந்த நோய் என்று உறுதியாகத் தெரியாதபோது, இரண்டையும் சேர்த்து அடக்கக்கூடியது செம்பு.

வாழைத் தோட்டமும் மீன் தொட்டியும்

தாமிரபரணிப் பாசனத்தில் விவசாயம் பார்க்கும் குடும்பங்களுக்குச் செம்பு மருந்து அந்நியமானது அல்ல. மயில்துத்தம் என்று உரக்கடையில் நீல நிறக் கட்டிகளாகக் கிடைப்பது காப்பர் சல்பேட்தான். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இப்படிக் கலந்தால் ஒரு சதவிகித போர்டோ கலவை. பூஞ்சை நோய்க்குத் தெளிப்பார்கள்.

அந்தக் கலவை பிறந்த கதை சுவாரஸ்யமானது. பிரான்ஸின் போர்டோ பகுதியில், சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்னாமல் இருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து கொடியில் பூசி வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் பூஞ்சை நோய் வரவில்லை என்பதைப் பேராசிரியர் மில்லார்டே கவனித்தார். 1885-ல் அதை மருந்தாகவே அறிவித்தார்.

போர்டோ கலவை இலைக்குள் புகுந்துவிட்ட பூஞ்சையைக் கொல்லாது. இலையின் மேல் விழுந்து முளைக்கப் பார்க்கும் வித்துகளைத்தான் கொல்லும். அதனால்தான் நோய் வருவதற்கு முன்பே தெளிக்கச் சொல்கிறார்கள்.

மீன் தொட்டியில் செம்பு செய்வதும் இதே வேலை. மீனின் தோலுக்கு அடியில் இருக்கும் ஒட்டுண்ணியை அது தொடாது. கூட்டுக்குள் இருப்பதையும் தொடாது. கூட்டைவிட்டு வெளியே வந்து, மீனைத் தேடி நீந்தும் அந்தக் குட்டியைத்தான் கொல்லும். நான்கு கட்டங்களில் நான்காவது கட்டம் மட்டுமே செம்பின் கைக்கு எட்டும்.

அப்படியென்றால் மருந்தை எத்தனை நாள் கொடுக்க வேண்டும்? எல்லாக் கூடுகளும் உடைந்து, கடைசிக் குட்டியும் வெளியே வரும் வரை. அதுவரை ஒரு நாள்கூட அளவு குறையாமல் தண்ணீரில் செம்பு இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் அளவு குறைந்து, அன்றைக்குப் பார்த்து ஒரு கூடு உடைந்தால், மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

மீன் காட்சியகங்களில் செம்பைக் கொண்டு ஒட்டுண்ணியை அடக்கும் முறை பல ஆண்டுகளாகவே உண்டு. அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோவில் உள்ள ஸ்டெய்ன்ஹார்ட் அக்வேரியத்தைச் சேர்ந்த ராபர்ட் டெம்ப்ஸ்டர், வெல்வெட் வகை ஒட்டுண்ணிகளுக்குக் காப்பர் சல்பேட் மருந்தாவதைப் பற்றி 1955-ல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். புது மருந்துகள் பல வந்துவிட்ட பிறகும் செம்பு இன்னும் ஓய்வு பெறவில்லை.

ஒரு சிட்டிகைகூட அதிகம்

'வீட்டில்தான் மயில்துத்தம் இருக்கிறதே, ஒரு ஸ்பூன் போட்டால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் கணக்கு வேண்டும்.

கடல் மீன் தொட்டிக்குத் தேவையான செம்பின் அளவு, ஒரு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். 0.15-க்குக் கீழே போனால் ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளும். 0.20-ஐத் தாண்டினால் மீனுக்கே ஆபத்து. நடுவில் இருக்கும் வழி அவ்வளவு ஒடுக்கமானது.

100 லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்வோம். 0.20 அளவுக்குத் தேவையான செம்பு மொத்தமே 20 மில்லிகிராம். மயில்துத்தத்தில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குதான் செம்பு. அந்தக் கணக்கில் 100 லிட்டருக்கு வேண்டியது சுமார் 79 மில்லிகிராம் மயில்துத்தம். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சமையலறைத் தராசு இதைக் காட்டவே காட்டாது. ஒரு சிட்டிகையே இதைப்போலப் பல மடங்கு. ஐந்து கிராம் கொள்ளும் ஒரு டீஸ்பூன் போட்டால், தேவையைப்போல அறுபது மடங்குக்கும் மேல். எந்த மீனும் பிழைக்காது.

'செம்புப் பானையில் ஊற்றி வைத்த தண்ணீரை நாம் குடிக்கிறோமே' என்ற கேள்வியும் வரும். இந்தியத் தர நிர்ணய அமைப்பு, வேறு நீராதாரம் இல்லாதபோது குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் செம்பு வரை அனுமதிக்கிறது. மனிதருக்கு அனுமதிக்கப்பட்ட இந்த அளவு, மீன் தாங்கும் அளவைப்போல ஏழு மடங்குக்கும் மேல். நாம் தண்ணீரைக் குடிக்கிறோம். மீன் அந்தத் தண்ணீரிலேயே 24 மணி நேரமும் செவுளைத் திறந்து வைத்து மூச்சு விடுகிறது. செம்பு கூடினால் முதலில் கருகுவது அந்தச் செவுள்தான்.

அதனால் உரக்கடைத் துத்தத்தை மீன் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மீன்களுக்கென்றே தயாரித்து, அளவு குறிப்பிட்டு விற்கும் மருந்துதான் பாதுகாப்பானது. அதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, செம்பு நேரடியாகத் தண்ணீரில் கரைந்திருக்கும் வகை. மேலே சொன்ன 0.15 - 0.20 கணக்கு இதற்குத்தான். இன்னொன்று, செம்பை வேறொரு பொருளோடு பிணைத்து, மெதுவாகச் செயல்பட வைத்திருக்கும் வகை. இதற்குத் தேவைப்படும் அளவு மிக அதிகம். பல தயாரிப்புகளில் லிட்டருக்கு 1.5 முதல் 2.5 மில்லிகிராம் வரை போகும். முதல் வகை மருந்துக்கு இரண்டாம் வகையின் கணக்கைப் போட்டால் மீன்கள் சாகும். இரண்டாம் வகைக்கு முதல் வகையின் கணக்கைப் போட்டால் ஒட்டுண்ணி பிழைக்கும். பாட்டிலில் இருக்கும் லேபிளைப் படிக்காமல் மூடியைத் திறக்கக் கூடாது.

தனித் தொட்டி எதற்கு?

'இருக்கிற தொட்டியிலேயே மருந்தை ஊற்றினால் என்ன? எதற்கு இன்னொரு தொட்டி, இன்னொரு செலவு?'

இதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, செம்புக்கு ஒட்டுண்ணி வேறு, இறால் வேறு என்று தெரியாது. இறால், நண்டு, நத்தை, கடல் சாமந்தி என முதுகெலும்பில்லாத உயிர்கள் எல்லாவற்றுக்கும் அது விஷம்.

இரண்டாவது, அலங்காரத் தொட்டியில் இருக்கும் சுண்ணாம்புத் தன்மையுள்ள கல்லும் மணலும் செம்பை இழுத்துக்கொள்ளும். காலையில் 0.20 இருந்த அளவு மாலையில் 0.10 ஆகிவிடும். 'குறைந்துவிட்டதே' என்று மேலும் ஊற்றிக்கொண்டே போனால், உள்ளே எவ்வளவு செம்பு சேர்ந்திருக்கிறது என்ற கணக்கே தப்பிவிடும்.

அதனால் சிகிச்சைத் தொட்டி மொட்டையாக இருக்க வேண்டும். மணல் வேண்டாம், கல் வேண்டாம். மீன் ஒளிந்துகொள்ள நாலைந்து பி.வி.சி குழாய்த் துண்டுகள் போதும். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஏர் பம்ப். கார்பன் போட்ட ஃபில்டர் மட்டும் கூடாது. கார்பன் செம்பை உறிஞ்சிவிடும்.

வலை, வாளி, குழாய் எல்லாம் இந்தத் தொட்டிக்கென்று தனியாக இருக்க வேண்டும். ஈரமான வலை வழியாகவும், நனைந்த கை வழியாகவும் ஒட்டுண்ணி அடுத்த தொட்டிக்குப் போய்விடும்.

ஒரு மாதக் காவல்

சிகிச்சை நடக்கும் நாள்களில் கவனிக்க வேண்டியவை இவை.

* தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று அளந்து தெரிந்துகொள்ள வேண்டும். '100 லிட்டர் தொட்டி' என்று கடையில் சொன்னதில் விளிம்பு வரைக்கும் கணக்கு இருக்கும்.

* முழு அளவையும் ஒரே நேரத்தில் ஊற்றக் கூடாது. இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

* காலையும் மாலையும் டெஸ்ட் கிட் வைத்துச் செம்பின் அளவைப் பார்க்க வேண்டும். வாங்கிய மருந்தின் வகைக்கு ஏற்ற கிட்தானா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தேதி, நேரம், அளவு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் குழப்பம் வராது.

* தண்ணீர் ஆவியாகும். செம்பு ஆவியாகாது. ஆவியான அளவுக்கு உப்பில்லாத தண்ணீரை மட்டும் ஊற்றினால் போதும். ஆனால், பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாக மாற்றும்போது, புதுத் தண்ணீரிலும் அதே அளவு செம்பைக் கலந்த பிறகே ஊற்ற வேண்டும்.

* அமோனியாவையும் தினமும் பார்க்க வேண்டும். தண்ணீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியாவின் வேலையும் செம்பால் மந்தமாகலாம். அமோனியாவைக் கட்டுப்படுத்தும் சில திரவங்கள் செம்போடு சேர்ந்தால் மீனுக்கு நஞ்சாகும். இரண்டு பாட்டில்களின் லேபிளையும் படிக்காமல் எதையும் சேர்த்து ஊற்றக் கூடாது.

* திருநெல்வேலி வெயிலுக்குத் தொட்டியில் ஹீட்டர் தேவைப்படும் நாள்கள் அரிது. பிரச்னை எதிர்ப்பக்கம்தான். தண்ணீர் சூடானால் அதில் ஆக்ஸிஜன் குறையும். நோயிலும் மருந்திலும் அடிபட்ட செவுளுக்கு அது இரட்டைச் சுமை. கரன்ட் போனாலும் ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

* குறைந்தது மூன்று வாரம், தேவைப்பட்டால் ஆறு வாரம் வரை சிகிச்சை நீளும். புள்ளி மறைந்த நாளைச் சிகிச்சை முடிந்த நாளாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

* மீன் சாப்பிடுவதை அடியோடு நிறுத்திவிட்டாலோ, நிலைகுலைந்து நீந்தினாலோ, உடனே அளவைப் பார்க்க வேண்டும். கூடியிருந்தால் தண்ணீரை மாற்றிக் குறைக்க வேண்டும்.

மீன்கள் சிகிச்சைத் தொட்டியில் இருக்கும்போது, நோய் வந்த பழைய தொட்டி என்னவாகும்? அதில் கூடுகள் இன்னும் இருக்கும். அங்கே ஒரு மீன்கூட இல்லாமல் பத்துப் பதினோரு வாரம் விட்டுவிட்டால், உடைந்து வரும் குட்டிகள் தின்ன ஆளில்லாமல் தாமாகவே அழிந்துவிடும். அங்கே செம்பு தேவையில்லை. காலமே மருந்து.

செம்பு எல்லாவற்றுக்கும் மருந்தல்ல

சுறா, திருக்கை இனங்களுக்குச் செம்பு ஆகாது. வேறு சில மீன்களும் மற்றவற்றைப்போல அதைத் தாங்குவதில்லை. பேத்தை மீன்களுக்குக் கொடுக்கும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை.

செவுளில் ஒட்டும் தட்டைப்புழுக்களைச் செம்பு நம்பும்படி கட்டுப்படுத்தாது. அதற்கு வேறு மருந்து. கோமாளி மீன்களை அதிகம் தாக்கும் புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணிக்கும் செம்பு பயன்படாது. மீனின் உடம்பிலிருந்து சளி போன்ற படலம் உரிந்து தொங்கினால் அது வெள்ளைப்புள்ளி நோயாக இருக்காது. அந்த மீனைச் செம்பில் போட்டு மூன்று வாரம் காத்திருக்க நேரமும் இருக்காது.

சந்தேகம் வந்தால், மீன் உயிரோடு இருக்கும்போதே மீன்வளம் படித்தவர்களிடம் காட்டிவிடுவது நல்லது. செவுளிலும் தோலிலும் இருந்து லேசாகச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், வந்திருப்பது எது என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். திருநெல்வேலியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. 1977-ல் தொடங்கிய கல்லூரி அது.

ஒரு மீனுக்குப் பின்னால் ஒரு கடல்

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, புன்னக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகளோடு விரிந்து கிடக்கும் அந்தக் கடல் பகுதியை, 1986-ல் தேசியப் பூங்காவாகவும் 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவித்தார்கள். பவளப்பாறைகளும் கடல் குதிரைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. வீட்டுத் தொட்டிக்காக அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம்.

கடையில் விற்கும் கடல் மீன்களில் பெரும்பாலானவை கடலிலிருந்து பிடித்து வரப்பட்டவை. தொட்டியில் ஒரு மீன் செத்து, அதற்குப் பதில் இன்னொன்று வாங்கினால், கடலிலிருந்து மறுபடி ஒரு மீன் குறைகிறது என்றே அர்த்தம்.

இதற்கு மாற்றும் அருகிலேயே இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம், கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரித்து வளர்க்கும் தொழில்நுட்பத்தைக் கொண்டிருக்கிறது. தொட்டியில் பிறந்த மீன், தொட்டி வாழ்க்கைக்கும் கடையில் தரும் தீனிக்கும் பழகியது. கடலிலிருந்து பிடிக்க வேண்டிய தேவையும் இல்லை.

அதற்காக, 'பண்ணை மீன்தானே' என்று நேராக வீட்டுத் தொட்டியில் விட்டுவிட முடியாது. ஒட்டுண்ணிக்குப் பண்ணை, கடல் என்ற பேதமில்லை. இனப்பெருக்கத்துக்காக வளர்த்த சில்வர் பாம்பனோ தாய் மீன்களையே அமைலூடினியம் தாக்கியது பற்றியும், அதைக் கட்டுப்படுத்தியது பற்றியும் இந்த நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2015-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். அன்றாடம் மீனோடு புழங்கும் விஞ்ஞானிகளின் தொட்டிக்கே ஒட்டுண்ணி வரும் என்றால், நம் வீட்டு ஹாலில் இருக்கும் தொட்டி எம்மாத்திரம்?

அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவது?

சிகிச்சை முடிந்துவிட்டது. மீன்கள் நலம். கடைசியில் 100 லிட்டர் செம்புத் தண்ணீர் மிச்சமிருக்கிறது. பலரும் யோசிக்காமல் விட்டுவிடும் கட்டம் இது.

அந்தத் தண்ணீரில் இருப்பது மீன் தாங்கும் எல்லையைத் தொட்டு நிற்கும் விஷம். கடல்நீரைவிட, சுண்ணாம்புச் சத்து குறைந்த மென்மையான நன்னீரில் செம்பின் நஞ்சு இன்னும் கடுமையாக வேலை செய்யும். நத்தை, நீர்ப்பூச்சி, மீன்குஞ்சு, பாசி எதுவும் அதற்கு விலக்கல்ல. திருநெல்வேலி நகருக்குள்ளேயே பாளையங்கால்வாயும் நெல்லைக் கால்வாயும் ஓடுகின்றன. வயலுக்குப் போகும் தண்ணீர் அது. ஆற்றிலோ, தூத்துக்குடி வரைக்கும் குடிநீர் எடுக்கிறார்கள்.

அதனால் மருந்துத் தண்ணீரை வாய்க்காலிலோ, குளத்திலோ, ஆற்றிலோ ஊற்றவே கூடாது. சிகிச்சை முடிந்ததும் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பனைப் போட்டு ஓட விட வேண்டும். சிகிச்சை நாள்களில் எதிரியாக இருந்த அதே கார்பன், இப்போது நண்பன். டெஸ்ட் கிட்டில் செம்பு பூஜ்யம் என்று காட்டும் வரை காத்திருந்து, அதன் பிறகு வீட்டின் கழிவுநீர்க் குழாயில் விடலாம். உப்புத் தண்ணீர் என்பதால் செடிக்கும் ஊற்றக் கூடாது. மருந்து பாட்டிலைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

பெயரிலேயே தாமிரத்தை வைத்திருக்கும் ஆறு அது. அதற்கு நாம் வேறு தாமிரம் சேர்க்க வேண்டியதில்லை.

மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே போவோம். கவரில் வந்த இரண்டு கோமாளி மீன்களும் ஹால் தொட்டிக்குப் போகாமல், பின்கட்டில் இருக்கும் மொட்டைத் தொட்டியில் இறங்குகின்றன. ஒரு மாதம் அங்கேதான். தினமும் காலையிலும் மாலையிலும் டெஸ்ட் கிட்டின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, நோட்டில் எழுதும் வேலை பிள்ளையுடையது. மருந்தை ஊற்றுவது அப்பாவோ அம்மாவோ.

புள்ளி வரலாம், மறையலாம். மறைந்த நாளில் பிள்ளை ஓடி வந்து, "அப்பா, போயிருச்சு! இனி பெரிய தொட்டில விட்ருவோமா?" என்று கேட்கும்.

"இல்லம்மா. இன்னும் மூணு வாரம் எண்ணணும்."

இந்தப் பதிலைச் சொல்லும் பொறுமை இருந்தால், ஹால் தொட்டியில் இருக்கும் நான்கு மீன்களுக்கும் ஆயுசு கெட்டி.

*அடுத்த வாரம்: கரன்ட் போனால் மீன் தொட்டி எத்தனை மணி நேரம் தாங்கும்?*